மோஸ்காவின் பேத்தி

ஜந்திரா நன்றாகக் கேக் செய்வாள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். மினாஸ் மலையில் கேக் செய்யத் தெரியாத பெண்ணைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். செய்த கேக்கை உடையாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வித்தை. கீழே கோரெகோ கிராமத்தில் அவள் அடுப்பு, மேலே சான்டானா கோயில், நடுவில் ஏழு கிலோமீட்டர் கல்லும் சேறும். வண்டி போகாதா என்றால், போகும். ஒரு வருஷம் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நகரத்திலிருந்து ஐந்தடுக்குக் கேக் வரவழைத்து பிக்கப் வண்டியில் ஏற்றினார். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து, பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவதுபோல அதைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மேலே வந்து பெட்டியைத் திறந்தால் பாயசம். கரண்டியால்தான் பரிமாறினார்கள்.

ஜந்திராவின் கேக் மூன்றடுக்கு. அடுக்குகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கே வைத்து ஒட்டுகிற கதையெல்லாம் அவளிடம் கிடையாது. அது ஏமாற்று வேலை என்பாள். வீட்டிலேயே அடுக்கி, வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு பூசி, பூ வைத்து, சேணத்தின் முன்னால் பொருத்திய மரப்பெட்டியில் இறக்கி மூடிவிட்டு, கரோவாவின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். கரோவா அவளுடைய கோவேறு கழுதை. எங்கள் பாஷையில் தூறல் என்று அர்த்தம்.

அந்தப் பெயருக்குக் காரணம் அதன் நடை. எங்கள் ஊர்க் கோவேறு கழுதைகளுக்கெல்லாம் தட்டுநடை. ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் சேர்ந்து விழும், டப் டப் என்று. பார்க்க ஜோராக இருக்கும், போட்டியில் கோப்பை வாங்கும், மேலே உட்கார்ந்திருப்பவரின் தொப்பியும் கூடவே குதிக்கும். கரோவாவுக்குப் பொடிநடை. நாலு காலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே விழும், எந்நேரமும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும். அதனால் முதுகு குதிப்பதில்லை. மழைக்காலத்தில் குதிரைகள் வழுக்குகிற பாறைச் சரிவில்கூட அது பாட்டுக்குப் போகும். ஓட்டுக்கூரையில் மழை பிடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டால் சான்டானாக்காரர்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், பாதையைப் பார்ப்பார்கள். கேக் வந்தாச்சு.

எங்கள் ஊரில் ஒரு கோவேறு கழுதையைப் பார்த்ததும் வாயில் வருகிற முதல் கேள்வி, "யாரோட குட்டி?" யாரோட என்றால் அப்பனைத்தான் கேட்கிறார்கள். அம்மா குதிரையைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள். கரோவாவின் அப்பன் கர்னல். அபீலியு வளர்த்த பொலிக்கழுதை, வெள்ளி நிறம், முழம் நீளக் காது. கர்னலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அபீலியுவுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"தாய் வெறும் சட்டி அக்கா. குழம்பு நம்ம கர்னலோடது. நீ எந்தச் சட்டியில வேணா ஊத்து, ருசி மாறாது" என்பார்.

ஜந்திரா அதை நம்பினாள். நாங்கள் எல்லோருமே நம்பினோம், அவளை மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? அந்த நம்பிக்கையில்தான் அவள் மோஸ்காவைத் தூக்கிக் கொடுத்தாள்.

மோஸ்கா கரோவாவின் அம்மா. ஈ என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற குதிரைதான், குள்ளம், சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல், எந்த வம்சம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஜந்திராவின் புருஷன் ஜுவென்சியு எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வந்தது. அவர் ஓர் ஏப்ரலில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று, கரோவாவுக்கு நாலு. அடுத்த மாதமே துர்வலீனாவின் மகன் வால்தெசீருக்குக் கல்யாணம்.

துர்வலீனா யாரென்று சொல்லவேண்டும். ஜந்திராவைவிட ஐந்து வயது மூத்தவள், ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடு, சாலையோரத்தில் பால்கோவா தடவிய சுருட்டுக் கேக் செய்து விற்பவள். ஜந்திராவுக்கு அவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவளிடம்கூட ஜந்திரா அவ்வளவு ஒட்டினதில்லை. வால்தெசீருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயே ஜந்திராதான். அப்படிப்பட்ட பிள்ளையின் கல்யாணத்துக்குக் கேக் யார் செய்வது? கேட்கவும் வேண்டுமா?

துர்வலீனா கேட்கவில்லை. தானே செய்துகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் கல்யாண வேலைக்கு முட்டை அடிக்க மாட்டார்கள். ஜந்திராவுக்கு அது தெரியாதா? கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்கவேண்டும் அல்லவா? வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகவேண்டும் அல்லவா? கறுப்பு உடையில் வீட்டுக்குள் உட்கார்ந்து நாலு நாள் அதையே நினைத்து நினைத்துப் புழுங்கினாள். கல்யாணத்தன்று மோஸ்காவின் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி, பால்காரர் கையில் கொடுத்து, கல்யாண வீட்டுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு செய்தி. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பால்காரரும் பாவம், வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

"நம்ம கேக் வேண்டாம்னு நினைச்ச வீட்டுக்கு இந்த ஈ போதும்னு ஜந்திராக்கா சொல்லச் சொன்னாங்க."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். துர்வலீனா குதிரையை வாங்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் கட்டினாள். அதோடு சரி. பதினாறு வருஷம் இரண்டு பேரும் ஒரே கோயிலில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார்கள், ஒரே பாட்டைப் பாடினார்கள், ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஜந்திரா அவளைப் பற்றிப் பேச நேர்ந்தால் "ஓடைக்கு அந்தாண்டை இருக்கிறவ" என்பாள். அக்கா என்ற சொல் அவள் வாயிலிருந்து போயே போய்விட்டது.

கரோவாவுக்கு வயது ஏறியது. கோவேறு கழுதை குட்டி போடாது. அது எப்படி இருந்தாலும் அதோடு முடிந்தது, வம்சம் கிடையாது. இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி கழுதையையும் குதிரையையும் சேர்த்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஜந்திரா அசட்டை செய்கிறவள் இல்லை. கரோவாவுக்குப் பன்னிரண்டு ஆனபோதே வேலையைத் தொடங்கிவிட்டாள். நல்ல குதிரையாக, காகிதம் உள்ள குதிரையாக, பளபளவென்று இருக்கிற குதிரையாகப் பார்த்து வாடகைக்குப் பிடித்து, கர்னலிடம் கூட்டிப்போனாள். சட்டிதானே, நல்ல சட்டியாக இருக்கட்டும் என்று நினைப்பு.

முதல் குட்டி அழகோ அழகு. நாலு வயதில் ஏறி உட்கார்ந்தாள். டப் டப். பரீட்சைக்கு ஒரு சின்னக் கேக்கை வைத்து ஓட்டினாள், ஓடை தாண்டுவதற்குள் மேலடுக்கு கீழடுக்கைப் பார்க்க வந்துவிட்டது. இரண்டாவது குட்டியும் டப் டப். மூன்றாவதும் அதே. மூன்றையும் போட்டிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிப் போனார்கள், இரண்டு கோப்பைகூட வாங்கின.

"என்ன அக்கா உனக்கு? ஊரே கொண்டாடுது, நீ மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே!" என்றார் அபீலியு.

"கோப்பையில கேக் வைக்க முடியுமாய்யா?" என்றாள் ஜந்திரா. "எனக்குக் கரோவா வேணும். உன் கர்னலுக்கு வயசாகி மறதி வந்துடுச்சு போல."

அந்த வருஷம் கரோவாவின் பின்னங்கால் மூட்டு வீங்கியது. இருபது வயது. தட்டையான இடத்தில் நடக்கும், மேட்டில் நின்றுவிடும். அதை அடிக்க ஜந்திராவுக்குக் கை வராது. பெரிய கேக்குகளை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். சின்னக் கேக்கைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினாள். ஐம்பத்தேழு வயது, ஏழு கிலோமீட்டர். மேலே போய்ச் சேரும்போது கேக் நன்றாக இருக்கும், அவள்தான் உடைந்து போயிருப்பாள். இன்னும் இரண்டு வருஷம் இப்படிப் போனால் அடுப்பை அணைத்துவிடவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜுவென்சியு போனபிறகு அவளை நிமிர வைத்தது அந்த அடுப்புதான், அந்தப் பாதைதான், மேலே போய்ப் பெட்டியைத் திறக்கிற அந்த ஒரு நிமிஷம்தான். அது இல்லாவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. பயந்து போயிருந்தாள் என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

அப்போதுதான் சான்டானா சந்தைக்கு இஸ்மேனியா வந்தாள். பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் படித்த பெண், முட்டிவரை சேறு, கை நிறைய உறைகள். கழுதை, குதிரை, கோவேறு கழுதை என்று எது நின்றாலும் வாலில் நாலு முடி பிடுங்கி உறையில் போட்டு, நடையைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டாள். கர்னலின் வாலில் கை வைத்தபோது அபீலியு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார், ஏதோ அவருக்கே பரிசு கொடுக்கப்போகிற மாதிரி. கரோவாவின் வாலிலும் நாலு முடி போயிற்று.

நாலு மாதம் கழித்து இஸ்மேனியா திரும்பி வந்து, அபீலியுவின் வீட்டு முற்றத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். காப்பியும் பாலாடைக்கட்டியும் வந்தன.

"உடம்புக்குள்ள எழுத்து எழுத்தா ஒரு புத்தகம் இருக்குன்னு வச்சுக்கோங்க" என்றாள். "குதிரையோட புத்தகத்துல என்னைக்கோ ஒரு எழுத்து மாறிப்போச்சு. அந்த மாறின எழுத்து இருந்தா காலுங்க ஜோடி ஜோடியா விழாம தனித்தனியா விழ வரும். உங்க கரோவாகிட்ட அது ஒண்ணு இருக்கு, ஜந்திராம்மா."

"கர்னல் குடுத்தது" என்றார் அபீலியு.

"இல்லைங்க ஐயா. இந்த வட்டாரத்துல முப்பத்திரண்டு பொலிக்கழுதை பார்த்துட்டேன். ஒண்ணுகிட்டகூட அந்த மாறின எழுத்து இல்லை. கர்னல்கிட்டயும் இல்லை."

அபீலியு பாலாடைக்கட்டித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன பொண்ணு சொல்றே நீ? என் கர்னலுக்கு நடை இல்லைங்கறியா? வெளியில வந்து பாரு, எப்படி நடக்குதுன்னு!"

"ஐயோ, நல்லாத்தான் நடக்குது. கழுதைங்க நடைக்கு வேற ஏதோ காரணம் இருக்கு, அது என்னன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. கால் உறுதி, நிதானம், அதெல்லாம் அப்பாகிட்ட இருந்தும் வந்திருக்கும். இந்த ஒரு எழுத்து மட்டும் அவரோடது இல்லை. அது அம்மாகிட்ட இருந்துதான் வரணும். அம்மா எங்கே இருக்கு? அதோட முடி கிடைக்குமா?"

ஜந்திரா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சட்டின்னு சொன்னியேய்யா" என்றாள் அபீலியுவைப் பார்த்து. கோபமாகக்கூட இல்லை. "இருபது வருஷமாச் சட்டி சட்டின்னு சொன்னியே."

அபீலியு எழுந்துபோய்க் கர்னலின் காதைத் தடவிக்கொண்டு நின்றார்.

பொடிநடைக் குதிரை வேறெங்கும் கிடைக்காதா என்று ஜந்திரா கேட்டாள். இஸ்மேனியா உதட்டைப் பிதுக்கினாள். கோப்பைக்காகத் தட்டுநடையையே வளர்த்து வளர்த்து இந்த வட்டாரத்தில் மற்றதை எல்லோரும் தள்ளிவிட்டார்கள். வடக்கே போனால் இருக்கிறது. அங்கே சொல்கிற விலைக்கு ஜந்திரா வீட்டை விற்றாலும் வால்தான் கிடைக்கும். அன்று வீட்டுக்குப் போய் ஒரு கேக்கை அடுப்பில் வைத்தாள், முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தீய்ந்துபோயிற்று.

மோஸ்கா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஒரு பெண் குட்டி இருந்தது. புல்கா. தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம். ஈயின் மகளுக்கு வேறென்ன பெயர் வைப்பாள் துர்வலீனா? ஒன்பது வயது, அதே சாம்பல் நிறம். துர்வலீனா ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறித்தான் கோயிலுக்கு வருவாள். ஜந்திரா தலையைத் திருப்பிக்கொள்கிற பழக்கத்தில் அந்தக் குதிரை எப்படி நடக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம்! நடையை வைத்துப் பிழைக்கிற பெண்ணுக்கு!

மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் காலையில் ஓடையைத் தாண்டினாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கேக் கொண்டுபோனால் லஞ்சம் மாதிரி இருக்கும், வெறுங்கையோடு போனால் திமிர் மாதிரி இருக்கும், இருக்கட்டும் என்று போனாள்.

துர்வலீனா அடுக்களைக் கதவருகே உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். முட்டி இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"வாடி. நேத்தே வருவேன்னு நினைச்சேன். இஸ்மேனியா பொண்ணு இங்கயும் வந்துச்சு."

ஜந்திராவுக்கு உட்காரச் சொல்வார்களா மாட்டார்களா என்று தெரியவில்லை. நின்றாள்.

"புல்கா வால்ல முடி எடுத்தாளா?"

"எடுத்தா. எனக்கு எதுக்குடி முடி? புல்காவோட அம்மா இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே ஏறி உட்கார்ந்தேன். ஓடை வரைக்கும் போகல, தெரிஞ்சுபோச்சு. கரோவாவோட நடை எங்கிருந்து வந்துச்சுன்னு."

"அப்போவே தெரியுமா உனக்கு?"

"பதினாறு வருஷமா."

"நான் ஒவ்வொரு குதிரையாப் பிடிச்சுக்கிட்டு இந்த வாசல் வழியாத்தானே அபீலியு வீட்டுக்குப் போனேன்?"

"போனே. பார்த்தேன். உள்ள போய்ச் சிரிச்சேன்." சல்லடையைத் தட்டினாள். "முதல் தடவை சிரிச்சேன். மூணாவது தடவை சிரிப்பு வரல. சொல்லிடலாமான்னு வாசல் வரைக்கும் வந்தேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனே. போடின்னு விட்டுட்டேன்."

எட்டு வருஷம், மூன்று குட்டி! ஜந்திராவுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"நீ மட்டும் என்ன? வால்தெசீர் கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை கேட்டியா என்னை? அவனை ஏந்தி நின்னவ நான். மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டியா?"

துர்வலீனா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"மாட்டேன்னு சொல்லியிருப்பியா? நீயா? என் பிள்ளைக்கா?" என்றாள். "ஊர் என்ன சொன்னா என்னன்னு கதவைச் சாத்திக்கிட்டு, அழுதுக்கிட்டே முட்டை அடிச்சிருப்படி நீ. ஜுவென்சியு போய் முப்பது நாள் ஆகல. நீ சாப்பிடறியா தூங்கறியான்னே எங்களுக்குப் பயம். உன்னைப் போய் வெள்ளைப் பூச்சு பூசச் சொல்ல எனக்கு மனசு வருமா? அதான் நானே கோணல்மாணலா ஒண்ணைப் பண்ணி வச்சேன். வாசலுக்குக் குதிரை வந்துச்சு. ரிப்பன் கட்டி."

ஜந்திரா உட்கார்ந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். பால்காரரின் குரல் அப்படியே காதில் கேட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது, எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்கு இல்லை.

துர்வலீனா மாவு சலித்து முடித்தாள்.

"புல்காவைக் கர்னல்கிட்டக் கூட்டிப் போகணும், அதானே?"

ஜந்திரா தலையாட்டினாள்.

"கூட்டிப் போ. குட்டி உன்னோடது. எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒரு பேச்சு. என் பேத்தி தைனாரா கல்யாணத்துக்குக் கேக் நான்தான் பண்ணுவேன். உன்னைப் பண்ணச் சொல்ல மாட்டேன். நீ அதை மேலே தூக்கிட்டுப் போகணும். என் கேக்கை, உன் பெட்டியில. அலுங்காம."

ஜந்திரா வாழ்நாளில் வேறொருத்தி செய்த கேக்கைத் தொட்டுத் தூக்கியதில்லை. தைனாராவுக்கு அப்போது வயது பதினைந்து.

"சரி" என்றாள்.

புல்காவின் முடிக்குப் பதில் வந்தது. மாறின எழுத்து ஒன்று, மாறாத எழுத்து ஒன்று. அதன் அப்பன் எவனோ தட்டுநடைக்காரன் போலிருக்கிறது. அப்படியானால் குட்டிக்கு எது போகும் என்று இஸ்மேனியாவிடம் கேட்டார்கள். பூவா தலையா போட்டுப் பார்க்கிற மாதிரிதான் என்றாள். பன்னிரண்டு மாதம் சுமந்து புல்கா ஒரு ஆண் குட்டி போட்டது. நாலாம் நாள் மேய்ச்சலில் அம்மா பின்னால் அது ஓடியதைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. பூ கேட்டார்கள், தலை விழுந்திருந்தது. டப் டப்.

"அதுக்கென்ன, மறுபடி போடுவோம்" என்றாள் துர்வலீனா.

அடுத்த வருஷம் ஒரு பெண் குட்டி. சாம்பல் நிறம், கர்னலின் காது. இஸ்மேனியா போன் பண்ணி முடி அனுப்பச் சொன்னாள், இரண்டு பேரும் அனுப்பவில்லை. வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு நாலு நாள் பார்த்தார்கள். குட்டி துள்ளியது, விழுந்தது, படுத்துத் தூங்கியது, நடையைத் தவிர எல்லாம் செய்தது. ஐந்தாம் நாள் புல்கா தண்ணீருக்கு இறங்கியபோது பின்னாலேயே இறங்கியது. ஜந்திரா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவில் இடைவெளி கேட்டது. நாலும் தனித்தனி. கண்ணைத் திறக்காமலே துர்வலீனாவின் கையைப் பிடித்தாள். துர்வலீனா மாவுக் கையை உருவிக்கொள்ளவில்லை.

பெயர் ஃபரீன்யா. மாவு என்று அர்த்தம், துர்வலீனா வைத்தது. கரோவா இன்னும் மூன்று வருஷம் இருந்து, ஒரு மத்தியான வெயிலில் மரத்தடியில் படுத்தது எழுந்திருக்கவில்லை. ஜந்திரா அன்று முழுக்க அழுதாள். அதற்குள் ஃபரீன்யாவின் முதுகில் சேணம் ஏறியிருந்தது. ஏறி உட்கார்ந்த முதல் நாள் ஒரு கிண்ணம் நிறையப் பால் ஏந்திக்கொண்டு ஓடையைத் தாண்டினாள், மூன்று சொட்டு சிந்தியது. குட்டிதானே, போகப் போகச் சரியாகும் என்றாள்.

தைனாராவுக்கு இருபத்தொரு வயதில் மே மாதம் கல்யாணம் வைத்தார்கள், மேலே சான்டானாவில், வால்தெசீரின் பண்ணையில். முதல் நாள் துர்வலீனா வீட்டுக்கு ஜந்திரா பெட்டியோடு போனாள். கேக்கைப் பார்த்தாள். மூன்றடுக்கு. நடு அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பூச்சில் விரல் தடம் தெரிந்தது. பூக்கள் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன. ஜந்திராவின் கை பரபரத்தது. ஒரு கத்தியும் ஐந்து நிமிஷமும் கொடுத்தால் போதும்.

"தொட்டே, கையை ஒடிப்பேன்" என்றாள் துர்வலீனா.

மறுநாள் கிளம்பினார்கள். புல்கா மேல் துர்வலீனா முன்னால், ஃபரீன்யா மேல் ஜந்திராவும் பெட்டியும் பின்னால். முந்தின ராத்திரி மழை, பாறையெல்லாம் வழவழப்பு. சரிவு வந்ததும் துர்வலீனா இறங்கி, வீங்கின முட்டியோடு குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஃபரீன்யா நிற்கவே இல்லை. ஜந்திரா தன் கேக்கைக்கூட இவ்வளவு பயந்து தூக்கியதில்லை. தன்னுடையது உடைந்தால் மறுபடி செய்யலாம். இது உடைந்தால், வேண்டுமென்றே உடைத்தாள் என்று ஊர் பேசும். ஊரை விடு, அவள் நினைப்பாளே.

"ஏண்டி, இருக்கா?" என்று கத்துவாள் துர்வலீனா, நூறடிக்கு ஒரு தரம்.

"இருக்கு, இருக்கு. வாயை மூடிக்கிட்டு நட."

மேலே பண்ணை வாசலில் ஊரே கூடியிருந்தது. ஃபரீன்யாவின் சத்தம் கேட்டு ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சத்தம். அபீலியுதான் முதலில் வந்து கடிவாளத்தைப் பிடித்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஃபரீன்யாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜோரான நடை. யாரோட குட்டி?"

அபீலியு வாயைத் திறந்து, ஜந்திராவைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

"மோஸ்காவோட பேத்தி" என்றாள் ஜந்திரா.

வால்தெசீரும் இன்னொருவரும் பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்தார்கள். மூடியைத் திறந்தார்கள். ஜந்திரா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து சுற்றிவரப் பார்த்தாள். சாய்ந்த அடுக்கு அதே சாய்வில் நின்றது. விரல் தடம் இருந்த இடத்தில் இருந்தது. முட்டைக்கோஸில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. ஒரு விரிசல் இல்லை.

"ஜந்திராக்கா கை பட்டா சும்மாவா!" என்றார் யாரோ. "அடேயப்பா, அதே கேக்! வயசானாலும் கை மறக்கலை பாரு!" என்றார் இன்னொருவர். கைதட்டினார்கள். அவள் கொண்டுவந்தால் அவள் கேக், அதில் யாருக்குச் சந்தேகம்? துர்வலீனா வேலியோரம் புல்காவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். திரும்பவில்லை. முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பால்காரர் வாசலில் நின்று கத்தினார் அல்லவா, ஜந்திரா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"இது என் கேக் இல்லை! நான் தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான். பண்ணினது துர்வலீனா அக்கா!"

கைதட்டல் நின்றது. துர்வலீனா முடிச்சை விட்டாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேசைக்கு வந்தாள்.

"ஏண்டி இப்படிக் கத்துறே? எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது" என்றாள். மணப்பெண்ணுக்குக்கூடக் காத்திருக்காமல் கத்தியை எடுத்து, சாய்ந்த அடுக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஜந்திராவின் வாயில் ஊட்டினாள்.

ஜந்திரா மென்றுகொண்டே அழுதாள். மூக்கிலும் கண்ணிலும் ஒழுக, வெள்ளைப் பூச்சு உதடெல்லாம் அப்பியிருக்க, அத்தனை பேர் முன்னால் அழுதாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் துர்வலீனா.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அக்கா" என்றாள். இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினாள்.